வெட்டி எறிந்த இலை

ஜூன் 11, புதன்

மருதமலை ரோட்டு நர்சரியில் இன்று ஒரு கலாடியம் வாங்கினேன். இலையைப் பார்த்ததும் கால் நகரவில்லை. நடுவில் ரோஸ், நரம்பெல்லாம் சிவப்பு, ஓரத்தில் மட்டும் விரல் அகலத்துக்குப் பச்சை. மொத்தம் ஏழு இலை. பூவே வேண்டாம், இலையே போதும் என்று தோன்றும்.

நர்சரிக்காரர் பராமரிப்பு சொன்னார். "நேரா வெயில் படக் கூடாதுங்க. ஜன்னலோர வெளிச்சம் போதும். மண்ணு ஈரமா இருக்கோணும், தண்ணி தேங்கக் கூடாது." பையில் வைத்துக் கொடுக்கும்போது, "வீட்டுல சின்னக் கொழந்தைங்க இருக்குதுங்களா?" என்று கேட்டார். பையன் பெங்களூரில் வேலை பார்க்கிறான் என்றேன். "அப்பச் சரிங்க. இது சேம்பு வகை. கடிச்சா வாயி வீங்கிப்போகும். எதுக்கும் எட்டாத எடத்துல வைங்க."

புத்தக அலமாரியின் மேல் வைத்திருக்கிறேன்.

ஜூன் 14, சனி

என் வீட்டுக்காரர் இந்த வாரம் ஓசூரிலிருந்து வரவில்லை. கம்பெனியில் ஆடிட்டாம்.

நம் குடியிருப்புச் சங்கத்தில் ஜூலை 13 அன்று செடிக் கண்காட்சி. வீட்டுக்குள் வளர்க்கும் செடிக்குத் தனிப் பரிசு. பேர் கொடுத்துவிட்டேன். வேலையை விட்டு மூன்று வருஷத்தில் நான் எதற்கும் பேர் கொடுத்ததில்லை.

ஜூன் 20, வெள்ளி

அலமாரி மேல் வெளிச்சம் போதவில்லை. ரோஸ் வெளிறுகிறது, தண்டெல்லாம் ஜன்னலைப் பார்த்துச் சாய்கிறது. பால்கனிக் கதவோரம் ஒரு முக்காலி போட்டு இறக்கி வைத்தேன். தினமும் தொட்டியைக் கால் வட்டம் திருப்ப வேண்டும். தேங்காய் நார்த்தூள் கலந்து மேல் மண்ணை மாற்றினேன். எட்டாவது இலை சுருட்டாக வெளியே வருகிறது.

வீட்டு வேலைக்கு வரும் மேகலா வேலை செய்யும் நேரம் அவளுடைய பாப்பா ஹாலில் உட்கார்ந்து என் டப்பா மூடிகளை அடுக்குகிறாள். தன்ஷிகா என்று பேர். இன்னும் இரண்டு வயது முடியவில்லை. அங்கன்வாடியில் இரண்டு முடிந்தால்தான் சேர்ப்பார்கள் என்று மேகலா கூடவே கூட்டி வருகிறாள். இன்று முக்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று "பூ, பூ" என்றாள். "பூ இல்லைடா கண்ணு, இலை" என்றேன். மேகலா எட்டிப் பார்த்து, "தொடாத சாமி, அக்கா ஆசையா வளக்கறாங்க" என்றாள்.

ஜூன் 26, வியாழன்

பாப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். நான் இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன், மாற்றுத் துணி எடுக்க.

காலை பத்தரை மணி. மேகலா பாத்ரூம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் படுக்கையறையில் பையனோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். பாப்பா வீறிட்டாள். நான் வருவதற்குள் மேகலா தூக்கியிருந்தாள். உதடு தடித்து, நாக்கு வெளியே தள்ளி, எச்சில் நூல் நூலாக வடிந்தது. கையால் வாயைப் பிறாண்டினாள். ஆசிட் பாட்டில் பாத்ரூம் வாசலில் மூடி இல்லாமல் நின்றது. மேகலா அதைப் பார்த்தாள். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"மூடாம வந்துட்டனேங்க்கா. வாளி எடுக்கப் போனேன், ஒரு நிமிஷம்தானுங்க. என்ற புள்ளைய நானே கொன்னுபோட்டனே."

ஆட்டோவில் முழுக்க இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள். டாக்டரிடமும் அதையே சொன்னாள். வாய் வழியாக ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள். அவள் கணவன் பூபதி லேத் பட்டறையிலிருந்து கிரீஸ் கையோடு ஓடி வந்தான்.

செடியின் கீழ் இலை ஒன்று கிழிந்திருந்தது. வெட்டி எறிந்துவிட்டேன். முக்காலியை எடுத்துவிட்டுத் தொட்டியைத் திரும்ப அலமாரி மேல் வைத்தேன்.

ஜூன் 27, வெள்ளி

காலையில் டாக்டர் வந்தார். குழந்தை வாயைப் பார்த்துக்கொண்டே, "ஆசிட் பட்டா தோல் வெந்து வெள்ளையா இருக்கும். இது வெறும் வீக்கமா இருக்கு. வேற எதையாவது வாயில வெச்சுதா? மருந்து, செடி கிடி ஏதாவது?" என்று கேட்டார். மேகலா என்னைப் பார்த்தாள். வீடு என்னுடையது அல்லவா.

"இல்லைங்க டாக்டர்" என்றேன்.

உள்ளே வெந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளாமல் விட முடியாது என்றார். பதினொரு மணிக்கு மயக்கம் கொடுத்து, தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அந்தக் கதவு மூடும்போது பாப்பா "ம்மா" என்று கூப்பிட்டாள். முழுசாக வரவில்லை, வாய் வீங்கியிருந்ததால். முக்கால் மணி நேரம். மேகலா தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

உணவுக்குழாயில் ஒன்றும் இல்லையாம். ஒரு துளிதான் நாக்கில் பட்டிருக்கும், தெய்வாதீனம் என்றார்கள்.

ஜூன் 28, சனி

தண்ணீர் ஊற்றினேன். எட்டாவது இலை விரிந்துவிட்டது.

ஜூன் 30, திங்கள்

பாப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீக்கம் வடிந்துவிட்டது. ஜூஸ் குடிக்கிறாள். இரண்டு கவுன், ஒரு பொம்மை, ஹார்லிக்ஸ், பழம் எல்லாம் வாங்கிக் கொடுத்தேன். பூபதி எனக்குக் கும்பிடு போட்டான். "நீங்க இல்லைன்னா என்ன ஆயிருக்குமுங்க" என்றான். மேகலாவிடம் அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. குழந்தையை அவனே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். அவள் பைகளோடு பின்னால் போனாள்.

ஜூலை 3, வியாழன்

மேகலா தனியாக வேலைக்கு வந்தாள். அவளுடைய மாமியார் வந்து பாப்பாவைப் புளியம்பட்டிப் பக்கம் அவர்கள் ஊருக்குக் கூட்டிப் போய்விட்டாராம்.

"உன்ற கையில புள்ளைய விட முடியாதுன்னு சொல்லிப்போட்டாங்க்கா. அவரும் சரின்னுட்டாரு. எனக்கே என்னைய நம்ப முடியலீங்க, நான் என்னத்த சொல்றது?"

எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். பள்ளிக்கூடம் சேர்க்கிற வரைக்கும் என்றார்களாம்.

ஜூலை 8, செவ்வாய்

இலைகளில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று அடிப்பக்கமெல்லாம் பார்த்தேன். இல்லை. இருந்தாலும் வேப்பெண்ணெய் கலந்து தெளித்தேன். ஈரத் துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைத்தேன். இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை. இப்போதெல்லாம் கையில் ஏதாவது வேலை இருந்தால் நல்லது.

மேகலா ஆசிட்டைத் தொடுவதில்லை. பாத்ரூம் தரையைச் சோப்புத்தூள் போட்டு மண்டியிட்டுத் தேய்க்கிறாள். வீட்டில் உள்ள ஒவ்வொரு பாட்டிலையும் எடுத்து மூடியைத் திருகிப் பார்க்கிறாள். எண்ணெய், வினிகர், என் தலைவலித் தைலம். ஒருமுறை பார்த்ததையே திரும்ப வந்து பார்க்கிறாள்.

சமையலறையில் முந்தானையை மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னவென்று கேட்டேன். "பால் கட்டிக்கிச்சுங்க்கா. இன்னும் குடிச்சிட்டுத்தானுங்க இருந்தா." கோஸ் இலை வைத்துக் கட்டினால் வலி குறையும் என்று சொல்லி ஒன்றை உரித்துக் கொடுத்தேன்.

கிளம்பும்போது, "உங்க செடிக்குத் தண்ணி ஊத்திட்டேனுங்க. மண்ணு காஞ்சிருந்துது" என்றாள்.

ஜூலை 13, ஞாயிறு

முதல் பரிசு.

வேளாண் கல்லூரியில் ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் நடுவராக வந்திருந்தார். கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு இலையாகப் பார்த்தார். "ஒரு இலையில ஒரு குறை இல்லை. கடிபட்ட தடம், கருகல் எதுவுமே கிடையாது" என்று மைக்கில் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், எதற்கென்று தெரியாமல்.

மூன்றாவது மாடி ஷாலினி, தவழும் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு, "கிழங்கு பிரிச்சா எனக்கு ஒண்ணு வேணும் ஆன்ட்டி" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

இந்த நோட்டை யாரும் படிப்பதில்லை. இதிலும் நான் பொய்தான் எழுதியிருக்கிறேன்.

இலை கிழிந்திருக்கவில்லை. கடிபட்டிருந்தது. அரை வட்டமாக, ஓரத்தில் நான்கு சின்னப் பல் தடம். மென்ற துணுக்கு ஒன்று முக்காலிக் காலடியில் ஈரமாகக் கிடந்தது. அதைப் பார்த்த அந்த நொடியே நர்சரிக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. சின்னக் குழந்தை இருக்கிறதா என்று அவர் கேட்டபோது என் பையனைத்தான் நினைத்தேன். தினமும் மூன்று மணி நேரம் என் ஹாலில் உட்கார்ந்திருக்கும் குழந்தை என் நினைவுக்கே வரவில்லை. அது கூடப் பரவாயில்லை என்று சொல்லலாம். மறதி. ஆனால் இலையை வெட்டியது மறதி இல்லை. துணுக்கைத் தாளில் சுருட்டி, வீட்டுக் குப்பையில் போடாமல் கீழே பெரிய தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டது மறதி இல்லை.

ஆசிட் பாட்டில் திறந்திருந்தது உண்மை. ஆனால் அது வாசலுக்கு உள்பக்கம், மேகலாவின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பாப்பா அழுதது பால்கனிக் கதவோரத்தில். மேகலா பதற்றத்தில் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

டாக்டர் கேட்டபோது ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தக் குழாய் உள்ளே போயிருக்காது.

ஏன் சொல்லவில்லை என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். போலீஸ், கேஸ் என்று பயம் இருந்தது. ஆனால் அதற்கும் முன்னால் இருந்தது வேறு. மேகலா தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டாள். எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

ஜூலை 19, சனி

அவர் வந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

இல்லை என்றேன்.

"குழந்தை இப்ப நல்லாத்தானே இருக்கு?"

"அம்மாகிட்ட இல்லையே."

"ரெண்டு மாசத்துல அவங்களே கொண்டாந்து விட்டுடுவாங்க சுலோ. இப்பப் போய்ச் சொன்னா அவ புருஷன் பட்டறை ஆளுங்களக் கூட்டிட்டு வந்து வாசல்ல நிப்பான். உனக்கு எதுக்கு இது? வேணும்னா அந்தப் பொண்ணுக்கு ஏதாவது செய்."

செய்துகொண்டுதான் இருக்கிறேன். போன வாரம் ஒரு சேலை. அதற்கு முன் மிக்ஸி. ஒவ்வொன்றையும் அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறாள்.

ஜூலை 24, வியாழன்

ஷாலினி பையனோடு வந்து கிழங்கு கேட்டாள். "உனக்கு வேண்டாம் ஷாலினி. குழந்தை இருக்கற வீட்டுக்கு இது ஆகாது. வாயில வெச்சா வீங்கிடும்" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது. யோசித்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். அவள் பயந்துபோய்ப் பையனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

மேகலா ஹாலில் மாப் போட்டுக்கொண்டிருந்தாள். மாப் நின்றது.

"அக்கா, எப்படி வீங்குமுங்க?"

"ஏதோ புத்தகத்துல போட்டிருந்துச்சு."

"ஒதடு வீங்குமுங்களா? எச்சி வடியுமுங்களா?"

"எனக்குத் தெரியல மேகலா."

அவள் அலமாரி மேல் இருந்த தொட்டியைப் பார்த்தாள். பிறகு பால்கனிக் கதவோரம் பார்த்தாள், முக்காலி இருந்த இடத்தை. துடைத்த இடத்தையே மறுபடி துடைத்துவிட்டுப் போனாள்.

அவள் போனபின் என்னால் சாப்பிட முடியவில்லை. இனி ஒரு பொய்யும் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

ஜூலை 25, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

செருப்பைக் கழற்றி உள்ளே வந்ததும், துடைப்பத்தை எடுக்க விடாமல் உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை. நானும் நின்றுகொண்டே சொன்னேன். பாப்பா கடித்தது இலை. ஆசிட் இல்லை. நீ ஒரு தப்பும் செய்யவில்லை.

என் முகத்தையே பார்த்தாள்.

"நீங்க எப்பப் பாத்தீங்க?"

"அன்னிக்குத் துணி எடுக்க வந்தப்போ."

"அப்பவே தெரியுமுங்களா?"

"சந்தேகமா இருந்துச்சு."

"சந்தேகமுங்களா?"

"தெரியும்."

"டாக்டரு கொழாய உள்ள உட்டதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

அவள் அழவில்லை. கத்துவாள், அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். சுவரில் சாய்ந்து மெல்லச் சரிந்து உட்கார்ந்தாள். "ஒரு மாசமுங்க" என்றாள். "ஒரு மாசமா நான் சோறு திங்கறப்பெல்லாம் என்ற கையப் பாத்துட்டு இருக்கறேன். இந்தக் கைதான, இந்தக் கைதானன்னு."

நான் பக்கத்தில் உட்காரப் போனேன். எழுந்துவிட்டாள்.

"எங்க மாமியா முன்னாடி வந்து இதச் சொல்லுவீங்களா?"

வருகிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் நிற்கச் சொன்னாள். பேச்சில் ஒரு இடத்திலும் அக்கா இல்லை. துடைப்பம் வைத்த இடத்திலேயே இருந்தது.

ஜூலை 27, ஞாயிறு

பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் மேகலா உட்கார்ந்தாள். பூபதி வரவில்லை. அம்மா ஒத்துக்கொண்டால் பார்க்கலாம் என்றானாம்.

மாமியார் ராஜாமணி மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். சேர் போட்டு, மோர் கொடுத்தார். பாப்பா கதவுக்குப் பின்னால் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். மேகலா கை நீட்டினாள். குழந்தை உடனே வரவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் வந்தாள். வந்து மடியில் ஏறியதும் இரண்டு கையாலும் அம்மாவின் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். நிறுத்தாமல், குறைக்காமல். ராஜாமணி கேட்டுவிட்டு மேகலாவைப் பார்த்தார். பிறகு என்னிடம் கனிவாகச் சொன்னார்:

"இவ அழுது கேட்டிருப்பா. நீங்களும் எரக்கப்பட்டு வந்துட்டீங்க. பெரிய டாக்டரே ஆசிட்டுன்னு சீட்டுல எழுதிக் குடுத்திருக்காரு. பூபதி வெச்சிருக்கறான். எதுக்குங்கம்மா இவ பண்ணுன தப்ப உங்க தலையில போட்டுக்கறீங்க? உங்களுக்கு நல்ல மனசுங்க."

இல்லை, உண்மை என்றேன். மறுபடி மறுபடி சொன்னேன். சொல்லச் சொல்ல நான் இன்னும் நல்லவளாகிக்கொண்டே போனேன். மேகலா குனிந்த தலை நிமிரவில்லை. நான்கு மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பாப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. அந்த அழுகை ரோடு வரை கேட்டது.

பஸ்ஸில் ஏறுமுன் மேகலா சொன்னாள். "நீங்க சொல்றது எடுபடாதுங்க. அந்தச் சீட்ட மாத்திக் குடுங்க."

ஜூலை 29, செவ்வாய்

ஒரு இலையை வெட்டிக் கவரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். டாக்டர் இலையைப் புரட்டிப் பார்த்தார்.

"நான் அன்னிக்கே கேட்டனேம்மா, செடி ஏதாவது இருக்கான்னு. நீங்கதான பக்கத்துல நின்னீங்க?"

"ஆமாங்க டாக்டர்."

"தெரிஞ்சிருந்தா வாயைக் கழுவி, ஐஸ் வெச்சு, ஒரு நாள் பாத்துட்டு அனுப்பியிருப்பேன். ரெண்டு வயசு ஆகாத குழந்தைக்கு மயக்க மருந்து குடுக்கறது விளையாட்டு இல்லம்மா. அது எந்திரிக்காம போயிருந்தா?"

நான் சொன்னதை எழுதி வாங்கிக் கையெழுத்துப் போடச் சொன்னார். பிறகு பழைய குறிப்பை எடுத்து, வீக்கத்துக்குக் காரணம் செடி இலை, ஆசிட் இல்லை என்று தன் கையால் திருத்தி எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தார். தமிழிலும் இரண்டு வரி எழுதச் சொல்லிக் கேட்டேன். எழுதினார்.

ஜூலை 30, புதன்

பூபதியைப் பட்டறையில் போய்ப் பார்த்தேன். லேத்தை நிறுத்திவிட்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்து டாக்டர் சீட்டைப் படித்தான். தமிழில் இருந்த இரண்டு வரியை உதடு அசைத்து இரண்டு தடவை படித்தான். மிஷின் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைத் திட்டினால் நன்றாக இருக்கும் என்று நின்றேன்.

"ஒரு மாசமா அவகிட்ட நான் பேசலீங்க" என்றான். "அவ போடற சோத்தத் தின்னுட்டு, பேசாம இருந்தேன்." சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பட்டறைக்குள் போகாமல் நேரே வீட்டுப் பக்கம் சைக்கிளை எடுத்தான்.

ஆகஸ்ட் 2, சனி

செடி தொங்கிப்போயிருந்தது. நான்கு நாள் நான் பார்க்கவே இல்லை. இரண்டு இலை பழுத்துவிட்டது. தண்ணீர் ஊற்றினேன். சாயங்காலத்துக்குள் மீதி நிமிர்ந்துவிட்டது. அதன் மேல் எனக்குக் கோபமில்லை.

குடியிருப்பு வாட்ஸாப் குரூப்பில் நடந்ததை என் பேர் போட்டு எழுதினேன். சின்னக் குழந்தைகள் வரும் வீட்டில் இந்தச் செடியைக் கீழே வைக்காதீர்கள் என்று. ஐந்து பேர் நன்றி சொன்னார்கள். மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஓசூரிலிருந்து போன் செய்து, "உனக்குப் பைத்தியமா?" என்றார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பாப்பா போன ஞாயிறே வந்துவிட்டாளாம். ராஜாமணியே கொண்டுவந்து விட்டாராம். வாட்ச்மேன் சொன்னார். மேகலா இப்போது வேறு குடியிருப்பில் வேலை பார்க்கிறாள்.

பத்து மணிக்கு அவள் வீட்டுக்குப் போனேன். ஒன்றும் வாங்கிக்கொண்டு போகவில்லை. வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள், பாப்பா இடுப்பில். குழந்தைக்கு என்னைத் தெரிந்தது. சிரித்துக்கொண்டே என் பக்கம் இரண்டு கையும் நீட்டித் தாவினாள். மேகலா அவளை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"நல்லா இருக்காளா?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கறாளுங்க மேடம்."

"என்னை மன்னிச்சுக்கோன்னு கேக்க வந்தேன் மேகலா."

அவள் காயப் போட்ட சட்டையின் சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டு நின்றாள். பாப்பா அவள் கழுத்துத் தாலிக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

"மாமியா, அவரு, ரெண்டு பேரும் எங்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டாங்க. சரின்னுட்டேன். அவியளுக்குத் தெரியாதுங்க, அதனால பண்ணிப்போட்டாங்க." பாப்பாவின் கையிலிருந்து தாலிக் கயிற்றை விடுவித்தாள். "பாப்பாவுக்குச் சோறு ஊட்டோணுமுங்க."

உள்ளே போனாள். நான் நாலு எட்டு நடந்து திரும்பிப் பார்த்தேன். கதவு திறந்தேதான் இருந்தது. உள்ளே அவள் குழந்தைக்கு ஏதோ சொல்லி ஊட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் நின்றேன். யாரும் கூப்பிடவில்லை.